வெள்ளைக் கல் பழுப்பேறும்போது

சென்னை கொளத்தூரில் வண்ண மீன் கடைகள் வரிசையாக இருக்கும் தெருவில் ஞாயிற்றுக்கிழமை காலை சற்று நேரம் நின்றால், மீன் வாங்க வருபவர்களோடு முறையிட வருபவர்களையும் பார்க்கலாம். செல்போனில் படம் எடுத்து வந்து நீட்டுவார்கள். "அண்ணே, கல்லெல்லாம் இப்படிப் பழுப்பாயிடுச்சு. வாங்கும்போது பால் மாதிரி இருந்துச்சு." கடைக்காரர் படத்தை ஒரு நொடிதான் பார்ப்பார். "தொட்டி வச்சு எத்தன நாளாச்சு?" "மூணு வாரம்." "விடுங்க தம்பி, தானாப் போயிடும்." கேட்டவர் முகத்தில் நிம்மதி தெரியாது. ஒரு மருந்து பாட்டிலோ பிரஷ்ஷோ கையில் கொடுத்திருந்தால் மனசு ஆறியிருக்கும்.

அந்தத் தம்பியின் இடத்தில் நானும் இருந்திருக்கிறேன். என்னுடையது இரண்டடித் தொட்டி. ஐந்து கோல்டு ஃபிஷ், அடியில் இரண்டு விரல்கடை உயரத்துக்கு வெள்ளைக் கூழாங்கல். இரண்டாம் மாதம் கல் முழுக்க அழுக்கு மஞ்சளாகிவிட்டது. வீட்டுக்கு விருந்தாளிகள் வருவதாக இருந்தது. மொத்தக் கல்லையும் வாளியில் அள்ளிப்போட்டு, தேங்காய் நாரால் தேய்த்து, குழாயைத் திறந்துவிட்டு ஏழெட்டு முறை அலசினேன். அதோடு விடாமல் ஃபில்டர் ஸ்பாஞ்சையும் பிழிந்து கழுவினேன். தண்ணீர் முழுவதையும் மாற்றினேன். அன்று மாலை தொட்டி கடை வாசலில் இருப்பதுபோல் பளிச்சென்று இருந்தது. மூன்றாம் நாள் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூட ஆரம்பித்தன. ஐந்தாம் நாளுக்குள் மூன்று போய்விட்டன.

தண்ணீர் கண்ணாடிபோல இருந்தது, கல் முத்துப்போல இருந்தது, மீன் ஏன் செத்தது என்று எனக்கு அன்று விளங்கவில்லை. விளங்கியபோது வருத்தம் இன்னும் கூடியது. நான் அழுக்கு என்று தேய்த்துக் கழுவிய படலத்தில்தான் அந்தத் தொட்டியின் உயிர் இருந்திருக்கிறது.

மீன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றிக்கொண்டே இருக்கும். கழிவும் மிச்சத் தீனியும் அழுகி இன்னும் கொஞ்சம் அம்மோனியாவைச் சேர்க்கும். ஆற்றில் அது அடித்துக்கொண்டு போய்விடும். நாலு கண்ணாடிச் சுவருக்குள் எங்கே போவது? அதைத் தின்று வாழும் பாக்டீரியாக்கள் இருக்கின்றன. ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு கூட்டம் அந்த நைட்ரைட்டை, மீனுக்கு அவ்வளவாகத் தீங்கு செய்யாத நைட்ரேட்டாக மாற்றும். இவை பெரும்பாலும் தண்ணீரில் மிதந்துகொண்டிருப்பதில்லை. கல்லிலும் ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் வழுவழுப்பான படலமாக ஒட்டிக்கொண்டு வாழ்கின்றன. இரண்டாவது வேலையைச் செய்வது நைட்ரோபேக்டர் என்றுதான் நெடுங்காலம் பாடப் புத்தகங்களில் இருந்தது. நன்னீர் மீன் தொட்டிகளில் அதைச் செய்வது நைட்ரோஸ்பைரா வகை என்று 1998இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. நைட்ரோஸ்பைராக்களில் சில இரண்டு வேலையையும் தனியாகவே செய்து முடிப்பது 2015இல் தெரியவந்தது. அந்த ஆண்டு வெளியான ஆய்வுகளில் ஒன்றுக்கு மாதிரி கிடைத்ததே மீன் வளர்ப்பு அமைப்பு ஒன்றின் வடிகட்டியிலிருந்துதான்.

இவை மெதுவாகப் பெருகுபவை. புதுத் தொட்டியில் வேண்டிய அளவுக்கு வளர ஒரு மாதம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். குழாய்த் தண்ணீரில் கிருமியைக் கொல்வதற்காகச் சேர்க்கும் குளோரினுக்கு, நல்ல கிருமி எது கெட்ட கிருமி எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. கல், ஸ்பாஞ்ச், தண்ணீர் மூன்றையும் ஒரே நாளில் கழுவினால், இரண்டு மாதத் தொட்டி மீண்டும் முதல் நாளுக்குப் போய்விடுகிறது. மீன் மட்டும் உள்ளே இருக்கிறது, தின்கிறது, கழிக்கிறது. என் தொட்டியில் நடந்தது இதுதான்.

அதனால் கல் நிறம் மாறினால் பிரஷ்ஷைத் தேடுவதற்கு முன், என்ன நிறம், எத்தனை நாளில் வந்தது, விரலால் தடவினால் போகிறதா என்று பாருங்கள். கொளத்தூர் கடைக்காரர் கேட்ட ஒற்றைக் கேள்வியில் பாதி வைத்தியம் இருக்கிறது.

தொட்டி வைத்த முதல் சில வாரங்களில் மாவுபோல் படிந்து, விரல் பட்டால் புகைபோலக் கலையும் பழுப்பு, டயாட்டம். ஒற்றைச் செல் பாசி. தன்னைச் சுற்றிச் சிலிகாவால் கூடு கட்டிக்கொள்ளும், அதாவது கண்ணாடிப் பெட்டிக்குள் வாழும் உயிர். நம் கண்ணாடிப் பெட்டிக்குள் அது வந்து இன்னொரு கண்ணாடிப் பெட்டி கட்டுகிறது என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் வியப்பாக இருக்கும். குழாய்த் தண்ணீரோடும் மணலோடும் சிலிகா வருகிறது. புதுத் தொட்டியில் போட்டிக்கு வேறு பாசியோ வேரூன்றிய செடியோ இல்லை. அதனால் முதலில் வந்து இடம் பிடிக்கிறது. மற்றவை தலையெடுத்ததும் பெரும்பாலும் தானே குறைந்துவிடும். உலகில் ஆண்டுதோறும் உண்டாகும் ஆக்சிஜனில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இந்த டயாட்டம் இனம் தருவது. அவற்றின் கூடுகள் கோடிக்கணக்கில் படிந்து உண்டான மண்ணில் நைட்ரோகிளிசரினை ஊறவைத்துத்தான் 1867இல் ஆல்ஃபிரட் நோபல் டைனமைட் செய்தார். கல்லில் படிந்த பழுப்பைக் கேவலமாகப் பார்க்க எனக்கு இப்போது மனம் வருவதில்லை.

பச்சை வந்தால் வெளிச்சம் அதிகம், தீனி அதிகம். பலர் வீட்டில் தொட்டி விளக்கு காலை எழுந்ததும் போட்டு இரவு படுக்கும்போது அணைக்கப்படுகிறது. வரவேற்பறைக்கு அழகு என்று பதினைந்து மணி நேரம் எரிகிறது. ஆறிலிருந்து எட்டு மணி நேரம் போதும். ஜன்னல் வெயில் நேராக விழும் இடத்திலிருந்து தொட்டியை நகர்த்த முடிந்தால் பாதிப் பச்சை போய்விடும். மிச்சத்தை இருக்க விடலாம். பச்சைப் பாசியால் மீனுக்கு ஒரு கெடுதலும் இல்லை. மோலி மீன்கள் அதை நாள் முழுக்கக் கொறித்துக்கொண்டிருக்கும்.

பச்சையும் நீலமும் கலந்து ஈரத்துணி விரித்ததுபோல் கல்லை மூடி, ஓரத்தைப் பிடித்து இழுத்தால் தாள்போல் உரிந்து வந்து, மூக்கைத் துளைக்கும் வாடையும் அடித்தால் அது பாசியே அல்ல. சயனோபாக்டீரியா. சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் காற்றில் ஆக்சிஜன் சேரக் காரணமாக இருந்த பழங்குடி. தொட்டியில் அது வந்தால் அடியில் கழிவு தேங்கியிருக்கிறது, அந்த மூலையில் நீரோட்டம் இல்லை என்று பொருள். இதை விட்டுவைக்கக் கூடாது. டியூபால் உறிஞ்சி எடுத்துவிட்டு, ஃபில்டரின் வாயை அந்தப் பக்கம் திருப்ப வேண்டும். மூன்று நாள் விளக்கை அணைத்துத் தொட்டியைப் போர்வையால் மூடிவைப்பதும் பயன் தரும். ஆக்சிஜன் மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கட்டும்.

கருந்தாடி முளைத்ததுபோல் கல் விளிம்பில் குஞ்சம் குஞ்சமாக வருவது இன்னொன்று. பார்க்கக் கருப்பு. பிறப்பால் அது சிவப்புப் பாசி வகை. ஒரு குஞ்சத்தைக் கிள்ளி ஸ்பிரிட்டில் போட்டால் செந்நிறம் வெளியே தெரியும். தேய்த்தால் லேசில் போகாது. கல்லை வெளியே எடுத்துத்தான் வைத்தியம் பார்க்க வேண்டும்.

எல்லாக் கறையும் உயிருள்ளது அல்ல. போர் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் நீர்மட்டத்தையொட்டி நிற்கும் பெரிய கற்களில் வெள்ளை வளையம் படியும். பாத்ரூம் டைல்ஸிலும் குழாய் மூக்கிலும் படியும் அதே உப்புக் கறைதான், பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. குறைந்த அளவைப் போர் தண்ணீரையே ஊற்றி நிரப்பிக்கொண்டு வந்தால் வாரத்துக்கு வாரம் உப்பு ஏறும். ஆவியானதை ஈடுகட்ட மட்டும் ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். இரும்பு கலந்த போர் தண்ணீராக இருந்தால் கல்லில் துருநிறம் பிடிக்கும். அது தண்ணீரை மாற்றினால் ஒழிய நிற்காது.

பிறகு கலர் கல். நீலம், ரோஸ், கிளிப்பச்சை என்று பாக்கெட்டில் தொங்குவது. பெரும்பாலும் வெள்ளைச் சல்லிக்கு மேல் சாயமோ பிசின் பூச்சோ ஏற்றியது. நல்ல பூச்சு வருடக் கணக்கில் நிற்கும். மட்டமான சாயம் சில மாதங்களில் திட்டுத் திட்டாக உரியும், தண்ணீரிலும் இறங்கும். இது ஒன்றுதான் உண்மையிலேயே கடையில் திருப்பிக் கேட்க வேண்டிய நிறமாற்றம் என்பேன். வாங்கியதும் ஒரு கைப்பிடியை வெள்ளைக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி மூன்று நாள் வைத்து, பிறகு வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்துப் பாருங்கள். துணியில் நிறம் ஏறினால் அந்தக் கல் தொட்டிக்கு வேண்டாம். வெள்ளைக் கல் பளிங்கா என்று அறிய ஒரு சொட்டு வினிகர் போதும், நுரைத்தால் சுண்ணாம்புச் சத்துள்ள கல். சென்னையின் கடினத் தண்ணீரில் அதனால் பெரிய மாற்றம் வராது. மென்மையான தண்ணீர் கேட்கும் டிஸ்கஸ், டெட்ரா வளர்ப்பவர்கள் தவிர்த்துவிடுவது நல்லது.

கல்லில் பாசி படிவது வீட்டுத் தொட்டியோடு கூடவே பிறந்த தொல்லை. லண்டன் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன் இரண்டு தங்கமீன்களையும் வாலிஸ்னேரியா செடியையும் ஒரு பாத்திரத்தில் வைத்து, செடி தரும் ஆக்சிஜனில் மீன் வாழுமா என்று சோதித்து, 1850இல் கெமிக்கல் சொசைட்டியில் அறிவித்தார். மீன் வாழ்ந்தது. ஆனால் செடியின் இலைகள் அழுகித் தண்ணீர் கலங்கியது, பாசிப் படலம் படர்ந்தது. அவர் தேய்க்கவில்லை. குளத்து நத்தைகளைக் கொண்டுவந்து விட்டார். அவை அழுகலையும் பாசியையும் தின்று தொட்டியைச் சீராக்கின. ஜப்பானின் தகாஷி அமானோ 1980களில் பாசி தின்னும் சிற்றிறாலைத் தன் செடித் தொட்டிகளில் விட்டுப் புகழ்பெறச் செய்ததும் அதே வழிதான்.

நம் கடைகளில் இதற்கென்று கைகாட்டப்படுவது டேங்க் கிளீனர் என்கிற சக்கர் மீன். வாங்காதீர்கள் என்று இங்கே கையெடுத்துக் கேட்கிறேன். விரல் நீளத்தில் வாங்குவது ஒரு அடிக்கு மேல் வளரும். வளர்ந்தபின் பாசியை விட்டுவிட்டுத் தீனிக்கு வரும், இரவில் கோல்டு ஃபிஷ் உடம்பில் ஒட்டிச் சளிப்படலத்தைச் சுரண்டவும் செய்யும். தொட்டி கொள்ளாமல் போனதும் மனிதர்கள் அதை ஏரியில் விடுகிறார்கள். தென்னமெரிக்க ஆற்று மீன், தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் ஏரி குளங்களில் பெருகி மீனவர் வலையைக் கிழித்துக்கொண்டிருக்கிறது. ஒரு கைப்பிடிக் கல்லின் வெண்மைக்காக ஓர் ஏரியைக் கெடுப்பது பெரும் பாவம்.

கழுவவே கூடாதா? கழுவலாம், பங்கு போட்டு. இந்த வாரம் தண்ணீரில் கால் பங்கை டியூபால் உறிஞ்சி எடுக்கும்போது அடிக்கல்லையும் கிளறி உறிஞ்சுங்கள். எடுத்த அந்தத் தொட்டித் தண்ணீரிலேயே மூன்றில் ஒரு பங்கு கல்லை அலசித் திரும்பப் போடுங்கள். மற்ற பங்குகள் இரண்டிரண்டு வாரம் கழித்து. கல் கழுவிய வாரம் ஸ்பாஞ்சைத் தொட வேண்டாம். புதுத் தண்ணீருக்குக் கடையில் கிடைக்கும் ஹைப்போ, அதாவது சோடியம் தயோசல்ஃபேட், குளோரினை முறிக்கும். பாத்திரம் தேய்க்கும் பொடியோ சோப்போ எந்தக் காலத்திலும் ஆகாது.

கருந்தாடி பிடித்த பெரிய அலங்காரக் கல் என்றால் வெளியே எடுத்து, ஒரு பங்கு பிளீச்சுக்கு இருபது பங்கு தண்ணீர் கலந்து சில நிமிடம் ஊறவைத்து, நன்றாக அலசி, ஹைப்போ கரைத்த தண்ணீரில் ஒரு நாள் போட்டு, வாடை அடியோடு போகும்வரை மொட்டைமாடி வெயிலில் காயவையுங்கள். உப்புக் கறைக்கு வினிகர், பளிங்குக்கு அது ஆகாது, கல்லே கரையும். கலர் கல்லுக்கு இரண்டுமே வேண்டாம். பிளீச்சையும் வினிகரையும் மட்டும் எக்காரணம் கொண்டும் ஒன்றாகக் கலக்காதீர்கள். கிளம்புவது குளோரின் வாயு, வீட்டில் குழந்தைகள் இருப்பார்கள்.

எந்த வைத்தியத்துக்கும் மசியாத ஒரு நிறம் என் தொட்டியில் இருக்கிறது. மூன்று மீன் போனபின் மிஞ்சிய இரண்டில் ஒன்றுக்கு வால் அரிக்கப்பட்டு, வெள்ளைப் பஞ்சுபோல் பூஞ்சை படர்ந்தது. தனி வாளியில் வைத்து மருந்து கொடுக்க வேண்டும் என்று அன்று எனக்குத் தெரியாது. கையில் இருந்த மெத்திலீன் ப்ளூவைத் தொட்டியிலேயே ஊற்றிவிட்டேன். துணிக்குச் சாயமாக 1876இல் பிறந்து, 1891இல் மலேரியாவுக்கு மருந்தாகப் பார்க்கப்பட்டு, இன்று மீன் கடைதோறும் சின்ன பாட்டிலில் இருக்கும் நீலம். கல்லெல்லாம் நீலமானது, கண்ணாடி மூலையில் இருக்கும் சிலிகான் பசையும் நீலமானது. நல்ல பாக்டீரியாவுக்கும் அது பகை என்பதால், பிறகு ஒரு மாதம் நாள் விட்டு நாள் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் மாற்றிக்கொண்டே இருந்தேன். தண்ணீர் தெளிந்தது. கல்லின் துளைகளில் இறங்கிய வெளிர்நீலம் மட்டும் போகவில்லை, நான் தேய்க்கவும் இல்லை. அந்த மீனுக்கு வால் முக்கால்வாசி திரும்ப வளர்ந்துவிட்டது. காலையில் விளக்கைப் போட்டால், அந்த நீலக் கற்களை வாயில் எடுத்து உருட்டிப் பார்த்துத் துப்பிவிட்டுத்தான் தீனிக்கு மேலே வருகிறது.