கலையைக் கலைஞனிடமிருந்து பிரிக்கலாமா?

ஓவியம் அழகாயிருக்கிறது, தீட்டியவனோ கொலைகாரன். அதன் முன் முழந்தாளிட்டு ஜெபிக்கலாமா?

இது கற்பனைக் கேள்வியன்று. உரோமை நகரில், பிரெஞ்சுக்காரரின் புனித லூயிஸ் ஆலயத்தில், 'புனித மத்தேயுவின் அழைப்பு' என்னும் ஓவியம் உள்ளது. 1600-ஆம் ஆண்டளவில் அதைத் தீட்டிய கரவாஜ்ஜோ, 1606-ல் ஒருவரைக் கொன்றுவிட்டு நகரைவிட்டே ஓடியவர். ஆயினும் மக்கள் அவ்வோவியத்தைக் கண்டு மனமுருகுகிறார்கள். கொலையுண்டவருக்காக அழ இன்று யாருமில்லை. நானூறு ஆண்டுகள் ஓடிவிட்டன. அதனால்தான் நமக்கு அது எளிதாயிருக்கிறது போலும்!

லூர்து நகரில் எழுந்துள்ள சிக்கல் அத்தனை எளிதன்று. அங்கே ஜெபமாலைப் பேராலயத்தின் முகப்பை மொசைக் சித்திரங்கள் அலங்கரிக்கின்றன. (மொசைக் என்றதும் வீட்டுத் தரையை நினைக்க வேண்டாம், சிறுசிறு வண்ணத் துண்டுகளை ஒட்டி உருவாக்கும் சித்திரம் இது.) 2008-ல் அவற்றை அமைத்தவர் ஸ்லோவேனியா நாட்டுக் குருவானவர் மார்க்கோ ரூப்னிக். பின்னர், துறவறத்திலிருந்தோர் உட்படப் பல பெண்கள், ஆன்ம வழிகாட்டி என்ற நிலையைப் பயன்படுத்தி அவர் தங்களிடம் தகாத முறையில் நடந்ததாக முறையிட்டார்கள். 2023 ஜூனில் இயேசு சபை, கீழ்ப்படியாமையைக் காட்டி அவரை விலக்கியது. அவ்வாண்டு அக்டோபரில் திருத்தந்தை பிரான்சிஸ், காலங்கடந்த வழக்கென்று தள்ளிவிடாமல் விசாரிக்க வழி திறந்தார்.

சித்திரங்களை என்ன செய்வது? பெயர்த்தெறிய வேண்டும் என்றனர் சிலர். கல் என்ன பாவம் செய்தது என்றனர் வேறு சிலர். பின்னதிலும் வலுவுண்டு. ஆனால் லூர்து அருங்காட்சியகமன்றே! புண்பட்டோர் ஆறுதல் தேடி வரும் இடம். கொடுமைக்குள்ளான பெண்ணொருத்தி கெபியைத் தரிசித்துவிட்டு ஆலயத்துக்கு வந்தால், வாயிலிலேயே இச்சித்திரங்கள் எதிர்ப்படும். அருங்காட்சியகத்தில் பிடிக்காவிட்டால் அடுத்த அறைக்குப் போகலாம். ஆலயத்துக்கு வேறு வாயில் தேடிக்கொள் என்று அவளிடம் யார் சொல்வது?

அகற்றிவிடவே லூர்து ஆயர் விரும்பினார். கருத்துகள் பிளவுபட்டிருந்தபடியால் உடனே அதைச் செய்யவில்லை. 2024-ல், இரவு மெழுகுதிரிப் பவனியின்போது அவற்றின்மீது விளக்கொளி பாய்ச்சுவதை நிறுத்தினார். 2025 மார்ச்சில் வாயிற்கதவுகளில் இருந்தவற்றைத் தகடுகளால் மூடத் தொடங்கினார்கள். ஒரு துண்டும் உடைபடவில்லை. வேண்டுமானால் நாளை திறக்கலாம். அவசரப்பட்டு உடைத்தால் மீளாது. எனவே இது சரியென்றே நமக்குப் படுகிறது.

கதவுகளுக்கு மேலே, முகப்புச் சுவரில் இருப்பவற்றையும் மூட வேண்டுமா என்பதில்தான் நம் வகுப்பு இன்னும் ஒன்றுபடவில்லை.