ஏறும் கட்டணமும் ஏறாத உதவியும்

எல்லையில் நின்று நாட்டைக் காக்கும் சிப்பாய்களுள் பலர் நாற்பது வயதை எட்டுமுன்னரே ஓய்வு பெறுகின்றனர். அவர்தம் மக்கள் கல்லூரி வாயிலை மிதிப்பது பெரும்பாலும் அதற்குப் பின்னரே. செம்பூரிலும் அணுசக்தி நகரிலும் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுள் இத்தகையோரும் உளர். அவர்களுக்கு அரசு அளிக்கும் கல்வியுதவி இன்றைய செலவுக்கு ஈடாகுமா என்பதைச் சிறிது ஆராய்வோம்.

இவ்வுதவிகளுள் தலையாயது 2006-இல் தோன்றிய பிரதம மந்திரி உபகாரச் சம்பளத் திட்டம். தொழிற்கல்வி பயிலும் முன்னாள் படைவீரர் மக்களுள் ஆண்டுதோறும் 5,500 பேர் இதற்குத் தெரிந்தெடுக்கப்படுகின்றனர். 2019-இல் மாணவருக்குரிய மாதத் தொகை ரூ. 2,000-லிருந்து ரூ. 2,500 ஆகவும், மாணவியருக்குரியது ரூ. 2,250-லிருந்து ரூ. 3,000 ஆகவும் உயர்ந்தது. மகிழத்தக்கதே.

இனிச் செலவைக் காண்போம். நம் பவாயில் உள்ளது உட்பட ஐ.ஐ.டி.களில் பி.டெக். கல்விக் கட்டணம் 2016-இல் ஆண்டுக்கு ரூ. 90,000-லிருந்து ரூ. 2,00,000 ஆயிற்று. குறைந்த வருவாயினர் முதலான சிலருக்குச் சலுகை உண்டு. அச்சலுகை கிட்டாத மாணவனுக்கு ஆண்டு முழுதும் வரும் ரூ. 30,000, அக்கட்டணத்தில் நூற்றுக்குப் பதினைந்தே. விடுதி, உணவு, நூல்கள் ஆகியவற்றின் செலவு வேறு. கட்டணம் இரு மடங்கைக் கடந்தது. உதவியோ மாணவருக்குக் கால் பங்கும் மாணவியருக்கு மூன்றில் ஒரு பங்குமே கூடிற்று.

குறை எங்கே உள்ளது? எம்போன்ற ரயில்வே ஊழியர் தம் பள்ளிப் பிள்ளைகளுக்காகப் பெறும் கல்விப்படி, அகவிலைப்படி 50 விழுக்காடு ஏறும்போதெல்லாம் 25 விழுக்காடு தானே ஏறும். 2024 ஜனவரி முதல் அது ரூ. 2,250-லிருந்து ரூ. 2,812.50 ஆனது இவ்விதியினாலேதான். யாரும் மனுச் செய்யவில்லை, யாரையும் வேண்டவில்லை. வீரர் மக்களின் உபகாரச் சம்பளத்துக்கோ அத்தகைய விதி இல்லை. அரசு மனம் வைக்கும் நாள்வரை அது நின்ற இடத்திலேயே நிற்கும்.

முறையாக எழுப்பும் குரல் வீண்போவதில்லை என்பதற்கும் சான்று உண்டு. போரில் உயிர்நீத்தோர், ஊனமுற்றோர் ஆகியோரின் மக்களுக்கு 1971 போரை ஒட்டி முழுக் கல்விக் கட்டணச் சலுகை வழங்கப்பட்டது. 2017 ஜூலை முதல் அதற்கு மாதம் ரூ. 10,000 என வரம்பு கட்டினர். எதிர்ப்பு வலுக்கவே 2018 மார்ச்சில் அவ்வரம்பு நீங்கியது. ஹவில்தார் பதவி வரையிலான முன்னாள் வீரரின் மக்கள் இருவருக்குப் பட்டப்படிப்பு வரை அளிக்கும் மாத உதவியும், 2025 நவம்பர் முதல் தலைக்கு ரூ. 1,000-லிருந்து ரூ. 2,000 ஆயிற்று.

ஆகவே அன்பர்கள் இரண்டு காரியம் செய்தல் வேண்டும். தகுதியுடையோர் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தை அணுகிக் காலத்தில் விண்ணப்பிக்க வேண்டும். உள்ள உதவியைக் கைவிடலாகாது. நம் சங்கமோ, விலைவாசியுடன் உபகாரச் சம்பளமும் தானே உயர ஒரு விதி வகுக்குமாறு அரசுக்கு விண்ணப்பம் அனுப்ப வேண்டும். ஊழியன் பிள்ளைக்கு உள்ள நியாயம் வீரன் பிள்ளைக்கும் உரியதன்றோ?