கலாமாவில் பார்க்க என்ன இருக்கு?

சிலி நாட்டின் அடகாமா பாலைவனத்தைப் பார்க்கப் போகிற டூரிஸ்டுகள் கலாமாவில் விமானம் இறங்குவார்கள். இறங்கியதும் ஒரே ஓட்டம், நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற சான் பெத்ரோவுக்கு! என் விமானம் தாமதம். கடைசி பஸ் போயே போச்சு. ஒண்டி ஆளாகக் கலாமாவில் மாட்டிக்கொண்டேன்.

மூன்று ஓட்டல்களில் உதட்டைப் பிதுக்கினார்கள். அறையெல்லாம் சுரங்கத் தொழிலாளிகளுக்காம். நாலாவதில் கிடைத்தது. ஜன்னலைத் திறந்தால் எதிரே சுவர். வாடகை என்னவோ கடல் தெரிகிற அறைக்கு உண்டானது!

காலையில் ஊர் சுற்றினேன். 2,200 மீட்டர் உயரம். வேகமாக நடந்தால் மூச்சு வாங்குகிறது. மழை என்பது இங்கே வெறும் வதந்தி. ஒரு சதுக்கம், ஒரு சர்ச் (அதன் கோபுரத்துக்கும் தாமிரத் தகடு!), அப்புறம் லாரிகள், பட்டறைகள், தூசி. முக்கால் மணி நேரத்தில் ஊர் தீர்ந்துவிட்டது.

எல்லாம் தாமிரம் செய்கிற வேலை. வடக்கே சுக்கிகமாட்டா சுரங்கம்: 4 கிலோமீட்டருக்கு மேல் நீளம், 800 மீட்டருக்கு மேல் ஆழம். பள்ளத்தின் ஓரத்தில் ஸ்கூல், தியேட்டர், ஆஸ்பத்திரி என்று ஒரு ஊரே இருந்தது. புகையும் தூசியும் தாங்கவில்லை. வெட்டிய கல்லைக் கொட்டவும் இடம் வேண்டும். 2007-ல் கடைசிக் குடும்பங்களையும் கலாமாவுக்குக் கிளப்பிவிட்டார்கள். ஆஸ்பத்திரி இன்று கல் மலைக்கு அடியில்!

"இந்த ஊர்ல பார்க்க என்னதாங்க இருக்கு?" ஓட்டல்கார அம்மாவிடம் அரைகுறை ஸ்பானிஷில் அலுத்துக்கொண்டேன்.

"பார்க்க ஒண்ணும் இல்லை. தேடத்தான் இருந்தது" என்றார்.

1973 செப்டம்பரில் ஜெனரல் பினோசெட் ஆட்சியைப் பிடித்தார். அக்டோபர் 19-ம் தேதி ஹெலிகாப்டரில் ஒரு ராணுவக் குழு கலாமாவில் இறங்கியது. அன்றைக்கே 26 ஆண்களைச் சுட்டுக் கொன்றார்கள். உடலை வீட்டாரிடம் கொடுக்கவில்லை. மனைவிகளும் அம்மாக்களும் சகோதரிகளும் மண்வெட்டியோடு பாலைவனத்தில் இறங்கினார்கள். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, 17 வருஷம்! 1990-ல் குழி அகப்பட்டது. உள்ளே எலும்புத் துண்டுகள்தான். உடல்களை ராணுவம் முன்பே தோண்டி அப்புறப்படுத்தியிருந்தது. பத்திரிசியோ குஸ்மான் 2010-ல் வெளியிட்ட டாகுமெண்டரியிலும் அந்தப் பெண்கள் மண்ணைக் கிளறிக்கொண்டுதான் இருக்கிறார்கள். தாமிரம் எங்கே இருக்கிறது என்று அங்குலம் அங்குலமாகத் தெரிந்த ஊரில், புருஷன் எங்கே கிடக்கிறான் என்று சொல்ல ஆளில்லை!

நீங்கள் சான் பெத்ரோ போனால், பஸ் ஏறியதும் தூங்கிவிடாதீர்கள். ஊர் தாண்டியதும் சாலையோரத்தில் அந்த 26 பேருக்கு நினைவிடம் வரும். கலாமாவில் பார்க்க அது இருக்கிறது.