புகைப்படம் இனியும் சாட்சியாகுமா?

"முழுச் சூரிய கிரகணத்தின் படம் வேண்டும்" என்று எழுதிக் கொடுத்தால் போதும். கறுத்த சூரியன், சுற்றிலும் ஒளிவட்டம், ஆங்காங்கே விண்மீன்கள் என அழகான படம் ஒன்றைச் செயற்கை நுண்ணறிவு சில விநாடிகளில் தந்துவிடுகிறது. அப்படியானால் காமிராவைச் சுமந்துகொண்டு கிரகணத்தைத் தேடிப் போவானேன்? விடை காண, இவ்விரு படங்களும் எவ்வாறு உண்டாகின்றன என்று பார்ப்போம்.

பழைய காமிராவின் படச்சுருளில் வெள்ளி உப்புத் துகள்கள் பூசப்பட்டிருக்கும். ஒளி பட்ட துகள்கள், உருத்துலக்கும் கரைசலில் இட்டதும் கரிய வெள்ளியாக மாறும். டிஜிட்டல் காமிராவில் சிலிக்கான் சில்லின்மீது ஒளி விழும்போது எலெக்ட்ரான்கள் விடுபடுகின்றன. அவற்றின் அளவே படமாகிறது. முறை எதுவாயினும், பொருளிலிருந்து புறப்பட்ட ஒளி நேரே வந்து விட்டுச்சென்ற தடமே புகைப்படம். ஈர மணலில் பதிந்த காலடியைப் போன்றது அது.

செயற்கை நுண்ணறிவோ, ஏராளமான படங்களையும் அவற்றுக்குரிய விளக்கங்களையும் கொண்டு பயிற்றுவிக்கப்படுகிறது. பெரும்பாலும் அது தாறுமாறான புள்ளிகளில் தொடங்கி, கேட்ட சொற்களுக்குப் பொருந்துமாறு அவற்றைப் படிப்படியாகச் சீராக்குகிறது. அதில் எந்த விண்மீனின் ஒளியும் படவில்லை.

ஒரு தட்டின் கதை

இந்த வேறுபாடு அத்தனை முக்கியமா? 1919 மே 29-இல் நிகழ்ந்த கிரகணத்தை நினைத்துப் பாருங்கள். சூரியனை ஒட்டி வரும் விண்மீன் ஒளி 1.75 வில்விநாடி வளையும் என்பது ஐன்ஸ்டைனின் கணிப்பு. நியூட்டன் விதிப்படி கணக்கிட்டால் அதில் பாதியே கிடைக்கும். ஒரு பாகையின் 3,600-இல் ஒரு பங்குதான் வில்விநாடி! இதைச் சோதிக்க எடிங்டன் ஆப்பிரிக்காவை அடுத்த பிரின்சிபித் தீவுக்குச் சென்றார். மற்றொரு குழு பிரேசிலின் சோப்ரால் நகருக்குச் சென்றது.

கிரகணத்தின்போது கண்ணாடித் தட்டுகளில் பதிந்த விண்மீன்களை, அதே விண்மீன்களின் இரவுநேரப் படங்களோடு ஒப்பிட்டனர். சோப்ராலின் சிறந்த தட்டுகளில்கூட, விண்மீன்களின் இடப்பெயர்ச்சி ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவே. அத்தட்டுகள் 1.98 என்றன, பிரின்சிபித் தட்டுகள் 1.61 என்றன. சோப்ராலில் இன்னொரு தொலைநோக்கி எடுத்த தட்டுகளோ மங்கலாயிருந்தன. நியூட்டன் பக்கம் சாய்ந்த அவற்றின் முடிவு ஒதுக்கப்பட்டது. ஒதுக்கியது நியாயமா என்ற ஐயம் நீடித்தது.

1979-இல் கிரீனிச் வான் ஆய்வகத்தார் சோப்ரால் தட்டுகளைப் புதிய கருவியால் மீண்டும் அளந்தனர். மங்கிய தட்டுகளும் 1.55 என்ற விடையைத் தந்தன! அறுபது ஆண்டுகளுக்குப் பின்னும் தட்டைக் குறுக்கு விசாரணை செய்ய முடிந்தது. ஒளி அதில் பதிந்திருந்ததே காரணம்.

1919-க்கு முந்தைய படங்களை மட்டும் கற்ற செயற்கை நுண்ணறிவு ஒன்று இருந்திருந்தால், விண்மீன்களைப் பழைய இடங்களை ஒட்டியே வரைந்திருக்கும். தெரிந்ததைத் திருப்பிச் சொல்லவும், விளக்கப்படம் வரையவும் அது உதவும். ஆனால் நாம் எதிர்பாராத ஒன்றை இயற்கை சொல்லும்போது, அதைக் கேட்டுப் பதிவு செய்ய அங்கே ஆளில்லை.

படம் மட்டும் போதுமா?

புகைப்படத்தாலும் ஏமாற்றலாம். 1917-இல் இங்கிலாந்தின் காட்டிங்லியில் சிறுமியர் இருவர் 'தேவதை'களைப் படமெடுத்தனர். ஷெர்லக் ஹோம்ஸைப் படைத்த கானன் டாயிலே அதை நம்பினார். அவை காகிதத்தில் வரைந்து வெட்டிய உருவங்கள் என்று 1983-இல்தான் ஒப்புக்கொள்ளப்பட்டது. காமிரா காகிதத்தை உண்மையாகவே பதிந்தது. பொய் சொன்னது படத்தோடு வந்த கதை.

ஆகவே எடுத்தவர் யார், எங்கே, எப்போது, எந்தக் கருவியால் என்னும் குறிப்புகளே படத்தைச் சாட்சியாக்குகின்றன. அடுத்த முறை கிரகணத்தையோ, ஊர் ஏரியின் நீர்மட்டத்தையோ படமெடுக்கும்போது, திருத்தாத மூலப்படத்தைத் தனியே வைத்து, நாளும் நேரமும் இடமும் குறித்துவையுங்கள். பிற்காலத்தில் யாரேனும் அதை மீண்டும் அளக்க வரக்கூடும்.