சட்டம் ஏறிய சொல்

கட்டுமரமும் மிளகுதண்ணீரும் ஆங்கில அகராதியில் ஏறியதைப் பெருமையுடன் சொல்லிக்கொள்கிறோம். இலங்கைச் சட்டத்தில் ஏறிய தமிழ்ச் சொல் ஒன்றைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. அச்சொல் 'துண்டு'.

சென்ற தவணையில் பத்தாம் வகுப்பில் பலபொருள் ஒருசொல் கற்பித்துக்கொண்டிருந்தேன். துண்டு என்றால் தோளில் இடுவது என்றான் ஒருவன். மீன்துண்டு என்றான் மற்றொருவன் (மணி பன்னிரண்டை நெருங்கியிருந்தது). ஹந்தானைப் பக்கத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி மட்டும், "ஐயா, யாரையாவது விரட்டும்போது 'உனக்குத் துண்டு எழுதியாச்சு'ன்னு எங்க அப்பாயி சொல்லும்" என்றாள். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

'இந்தக் கங்காணியின் கீழ் இத்தனை ஆட்கள். அவர்கள்மேல் இவ்வளவு கடன். அதனைத் தீர்ப்பவரிடம் இவர்களை விடுவேன்' என்று தோட்டத்துரை எழுதிக் கொடுத்த சீட்டே துண்டு. பெரிய கங்காணி அதனை மடியில் வைத்துக்கொண்டு தோட்டந்தோட்டமாக நடப்பார். ஆள் வேண்டிய துரை பழைய கடனைக் கட்டி, மேலும் முன்பணம் ஈந்து கூட்டத்தைப் பெற்றுக்கொள்வார். அம்முன்பணமும் ஆட்களின் கணக்கிலேயே ஏறும். கையில் ஒரு காசும் வாங்காதவன் கடனாளியாயினான். கூலியோ, 1889ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டப்படியே, மாதம் முடிந்து அறுபது நாளுக்குள் கொடுத்தாற் போதும். அதுவரை உலை கொதிப்பது கடனில்தான். சொல்லாமல் விலகினால், 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் சிறையைக் காட்டிற்று.

இவையெல்லாம் எனக்கு நூல்களால் மட்டும் தெரிந்தவை அல்ல. என் பூட்டனார் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பெரிய கங்காணிக்குக் கணக்கு எழுதியவர். அவருடைய குறிப்புப் புத்தகம் ஒன்று எங்கள் வீட்டுப் பெட்டகத்தில் கிடந்தது. முத்துமுத்தான எழுத்து, கூட்டலில் ஒரு பிழை இல்லை. ஆளின் பெயருக்கு எதிரே கப்பற்கூலி, கம்பளி, அரிசி, பின்பு 'துண்டு வகை' என்று ஒரு தொகை. அத்தொகைக்கு அந்த ஆள் யாதொன்றும் பெறவில்லை. பிறர் பொருளை மிகையாகக் கொள்ளாத வணிகரைப் பட்டினப்பாலையில் ஆண்டுதோறும் கற்பிக்கும் எனக்கு அப்பக்கத்தைப் புரட்டுவது எளிதாயில்லை. நான் பண்டிதனானதும் அக்கணக்கின் மிச்சத்தினால்தான்.

சேர் பொன்னம்பலம் அருணாசலம் 1919இல் தொழிலாளர் நலன்புரிச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டத்தில் பிறந்து பாரிஸ்டரான பெரி. சுந்தரம் அவருக்குத் துணைநின்றார். 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டம் துண்டு வழங்குவதைத் தடைசெய்தது. அந்தச் சுந்தரமே 1931இல் தொழில் அமைச்சரானார் என்பதை மாணவர்க்குச் சொல்ல எனக்குத் தனி விருப்பம் உண்டு.

1927ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி, 1929இல் குறைந்த கூலி வகுத்தபோது, நடுமலைத் தோட்டங்களில் ஆணுக்கு 52 சதம், பெண்ணுக்கு 41 சதம். இருபாலார்க்கும் ஒரே கூலி 1984இல்தான் வந்தது. 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை நாட்கூலியை 1000 ரூபா ஆக்கியபோது பெருந்தோட்ட நிறுவனங்கள் மேன்முறையீட்டு நீதிமன்றம் சென்றன. வழக்காடுவது அவர்களின் உரிமை. அதில் எனக்கு முறைப்பாடில்லை. என் ஐயம் தராசைப் பற்றியது. நாளுக்கு இவ்வளவு கூலி என்று சட்டம் சொல்கிறது. எது ஒரு நாள் என்பதைக் கொழுந்து நிறுக்குமிடத்தில் தீர்மானிக்கிறார்கள். குறித்த நிறை இல்லையேல் அரைப்பேர். அங்கே சட்டத்தின் ஓரெழுத்தும் மீறப்படுவதாகத் தோன்றாது. என் பூட்டனார் கூட்டலிலும் பிழை இல்லை.

வகுப்பில் இவ்வளவும் சொன்ன பின் அம்மாணவி, "அந்தக் கணக்கையெல்லாம் யாருங்க ஐயா எழுதினது?" என்று கேட்டாள். மணி அடித்துவிட்டது. அடுத்த திங்கட்கிழமை குறிப்புப் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போனேன்.