இதயத்துக்குள் வெள்ளை இழைகள்

கறிக்கடையில் ஓர் ஆட்டு இதயம் வாங்கி, அதன் இடப்பக்கத்தை நீளவாக்கில் கீறிப் பாருங்கள். மேலே இரண்டு, கீழே இரண்டு என்று நம் இதயத்தைப் போலவே நான்கு அறைகள். கத்தியை அழுத்தும்போதே இடது கீழறைச் சுவரின் தடிமன் கைக்குத் தெரியும். மனித இதயத்தில் அந்தச் சுவர் ஏறக்குறைய 1 செ.மீ.; வலது கீழறைக்கு அதில் மூன்றில் ஒரு பங்குதான். இத்தனைக்கும் இரண்டும் வெளியேற்றும் ரத்தம் ஒரே அளவு! வலது அறை பக்கத்திலிருக்கும் நுரையீரலுக்கு அனுப்பினால் போதும்; 25 மி.மீ. பாதரச அழுத்தமே தாராளம். இடது அறையோ உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை அனுப்ப வேண்டும். அதற்கு 120 தேவை.

இரு பக்க ரத்தமும் கலக்காதபடி நடுவில் தடுப்புச் சுவர். அதில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருப்பதாக 2ஆம் நூற்றாண்டில் கிரேக்க மருத்துவர் காலன் எழுதிவைத்தார். இல்லவே இல்லை என்று 13ஆம் நூற்றாண்டில் மறுத்தவர் அரபு மருத்துவர் இப்னு அல்-நஃபீஸ்.

கீறிய அறைக்குள் வெள்ளை நூல்கள் போலத் தெரிபவைதான் என்னை மிகவும் வியக்கவைப்பவை. மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள மைட்ரல் வால்வின் இரண்டு இதழ்களையும் அவை கீழே இருக்கும் தசை முனைகளோடு பிணைக்கின்றன. வால்வை இழுத்துத் திறப்பது இவைதான் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. மேலறை ரத்தத்தின் அழுத்தமே இதழ்களைத் திறக்கிறது. கீழறை சுருங்கும்போது எழும் அழுத்தமே மூடுகிறது. மூடிய இதழ்கள் மேலறைப் பக்கம் புரண்டுவிடாமல் பிடித்துக்கொள்வதுதான் இழைகளின் வேலை. அறை சுருங்கினால் இழைகள் தொய்ந்துவிடாதா? அதற்காகத்தான் அந்தத் தசை முனைகளும் கூடவே சுருங்கி அவற்றை விறைப்பாக வைத்திருக்கின்றன. ஒரு நாளைக்குச் சுமார் 1 லட்சம் முறை இது நடக்கிறது. ‘லப்’ என்று கேட்கும் முதல் ஒலி, இந்த வால்வும் வலப்பக்கத்து மூவிதழ் வால்வும் மூடும்போது எழுவது. இழை அறுந்தால் ரத்தம் பின்னோக்கிப் பாய்ந்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும், மூச்சு முட்டும்.

நம் நாட்டில் இந்த வால்வைப் பாழாக்கும் முக்கியக் காரணங்களில் ஒன்று ருமாட்டிக் காய்ச்சல். 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் வரும் தொண்டை வலியில் தொடங்கும் இது, இதழ்களைத் தடிக்கச் செய்து ஒட்டவைக்கிறது, இழைகளைக் குறுக்கிவிடுகிறது. ஒருமுறை வந்த பிள்ளைக்கு மறுபடி வராமலிருக்க, 3 அல்லது 4 வாரங்களுக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசியைப் பல ஆண்டுகள் போடுகிறார்கள். காய்ச்சலும் மூட்டு வலியும் போய்விட்டதே என்று பெற்றோர் நடுவில் நிறுத்திவிடக் கூடாத ஊசி அது.