துரோகி என்று தண்டித்த நாட்டுக்காக மீண்டும் ஆடியவர்! - பெலோடெடிச் கதை

கிழக்கு ஐரோப்பாவிலிருந்து இரண்டே இரண்டு கிளப்புகள்தான் இதுவரை ஐரோப்பியக் கோப்பையை (இன்றைய சாம்பியன்ஸ் லீக்) வென்றிருக்கின்றன. 1986-ல் ருமேனியாவின் ஸ்டேவா புக்கரெஸ்ட். 1991-ல் யூகோஸ்லாவியாவின் ரெட் ஸ்டார் பெல்கிரேடு. அந்த இரண்டு இறுதிப் போட்டிகளிலும் வென்ற பக்கம் ஆடியவர் ஒரே ஒருவர்தான். அவர் மியோட்ராக் பெலோடெடிச். இரண்டு கோப்பைகளுக்கும் நடுவே அவருக்குக் கிடைத்தது, 10 ஆண்டு சிறைத் தண்டனை!

மான் போல ஒரு டிஃபெண்டர்

1964-ல் யூகோஸ்லாவிய எல்லையை ஒட்டிய சோகோல் என்ற ருமேனிய கிராமத்தில், செர்பிய வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்தார் பெலோடெடிச். அவர் ஆடியது 'லிபரோ' இடத்தில். தடுப்பு வரிசைக்கும் பின்னால் நின்று, தப்பி வரும் பந்துகளை மடக்கி, அங்கிருந்தே தாக்குதலைத் தொடங்கி வைக்கும் வேலை அது. முட்டி மோதாமல் நளினமாக ஓடிப் பந்தைப் பறிப்பதால், ருமேனியர்கள் அவருக்கு வைத்த செல்லப்பெயர் 'மான்'.

1986 மே 7, ஸ்பெயினின் செவில் நகரம். எதிரே பலம்வாய்ந்த பார்சிலோனா. 120 நிமிடங்கள் ஆடியும் ஒரு கோல்கூட விழவில்லை. பெனால்டியில் ஸ்டேவாவின் கோல்கீப்பர் டக்கடாம் நான்கு பந்துகளையும் தடுக்க, கோப்பை முதன்முறையாகக் கிழக்கு ஐரோப்பாவுக்குப் போனது.

எல்லை தாண்டிய வீரர்

ருமேனியாவில் அப்போது நடந்தது சௌசெஸ்குவின் சர்வாதிகார ஆட்சி. வெளிநாட்டு கிளப்பில் விளையாட வீரர்களுக்கு அனுமதி கிடைப்பது அரிது. 1988 இறுதியில் பெலோடெடிச் எல்லை தாண்டி யூகோஸ்லாவியாவுக்குச் சென்றார், திரும்பவில்லை. சிறுவயதிலிருந்தே தனக்குப் பிடித்த ரெட் ஸ்டாரில் சேர்ந்தார்.

ஸ்டேவாவோ ராணுவத்தின் கிளப். சும்மா விடுவார்களா? அவர் இல்லாமலேயே வழக்கு நடத்தி, தேசத்துரோகக் குற்றத்துக்காக 10 ஆண்டு தண்டனை விதித்தார்கள். கால்பந்து அமைப்பும் அவர் விளையாட ஓராண்டு தடை போட்டது. 1989 மே மாதம் ஸ்டேவா மீண்டும் ஐரோப்பியக் கோப்பை இறுதிப் போட்டிக்கு வந்தபோது, பெலோடெடிச் அணியில் இல்லை. மிலனிடம் 4-0 என்று தோற்றது ஸ்டேவா.

அதே ஆண்டு டிசம்பரில் சௌசெஸ்கு ஆட்சி கவிழ்ந்தது. தண்டனையும் ரத்தானது.

1991 மே 29, இத்தாலியின் பாரி நகரம். ரெட் ஸ்டார் - மார்செய் இறுதிப் போட்டி. இதுவும் கோல் இல்லாமல் பெனால்டிக்குப் போனது. செவிலில் பெனால்டி அடிக்காத பெலோடெடிச், இந்த முறை மூன்றாவது ஆளாக வந்து பந்தை வலைக்குள் அனுப்பினார். 5-3 என்று ரெட் ஸ்டார் வென்றது. இரண்டு வெவ்வேறு கிளப்புகளுக்காக இறுதிப் போட்டியில் களமிறங்கி ஐரோப்பியக் கோப்பையை வென்ற முதல் வீரர் ஆனார் அவர்.

கைவிட்ட பெனால்டி

துரோகி என்ற நாடே பிறகு அவரைத் தேசிய அணிக்கு அழைத்தது. 1994 உலகக் கோப்பையில் ஹாஜி தலைமையிலான ருமேனியா, அர்ஜென்டினாவை வீழ்த்திக் காலிறுதிக்கு முன்னேறியது. எதிரே ஸ்வீடன். 2-2 என்று சமன். மீண்டும் பெனால்டி! ருமேனியாவின் கடைசிப் பந்தை அடிக்க வந்தவர் பெலோடெடிச். ஸ்வீடன் கோல்கீப்பர் ராவெல்லி பாய்ந்து தடுத்தார். ருமேனியாவின் உலகக் கோப்பைக் கனவு அங்கேயே முடிந்தது. இன்றுவரை அந்த அணி உலகக் கோப்பையில் காலிறுதியைத் தாண்டியதில்லை.

அதோடு அவர் ஒதுங்கிவிடவில்லை. ஸ்பெயின், மெக்ஸிகோ கிளப்புகளில் ஆடிவிட்டு, 1998-ல் ஸ்டேவாவுக்கே திரும்பினார். 36 வயதில் 2000 யூரோ கோப்பைக்கான ருமேனிய அணியிலும் இடம்பிடித்தார். 2001-ல் ஓய்வு பெற்றபோது அவர் அணிந்திருந்தது, பத்தாண்டுகளுக்கு முன் தன்னைத் தப்பியோடியவனாகப் பார்த்த அதே ஸ்டேவாவின் ஜெர்ஸியைத்தான்!